பால்வாடி டீச்சர் மாநாட்டுக்குப் போன கதை

சென்ற முறை ஜி.எஸ்.டி. பற்றி எழுதி எல்லோரையும் தூங்க வைத்துவிட்டேன் என்று வகுப்பில் புகார் வந்திருக்கிறது. அதனால் இந்த முறை கணக்கு வழக்குக்குக் கொஞ்சம் லீவு. வரலாறு எழுதப் போகிறேன். (கடைசியில் கணக்கு வந்துவிடும். பி.காம். புத்தி எங்கே போகும்!)

எங்கள் ஊர் நைனார்பாளையம். சின்னசேலம் பக்கம். தாத்தா காலத்தில் தென்னாற்காடு மாவட்டம், 1993 முதல் விழுப்புரம் மாவட்டம், 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். ஊர் ஒரு அடிகூட நகரவில்லை. பெயர் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. என் பெரியம்மா செய்யும் வேலைக்கும் இதே கதைதான். ஊரில் எல்லோருக்கும் அவர் 'பால்வாடி டீச்சர்'. அரசாங்கக் காகிதத்தில் 'அங்கன்வாடி பணியாளர்'. பக்கத்துக் கிராமத்து மையத்தில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை பார்க்கிறார்.

சின்ன வயதில் பால்வாடி என்றால் பால் தருவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். நீங்களும் அப்படித்தானே? கிடைத்தது சத்துமாவு உருண்டை. பால் என்றால் குஜராத்தியிலும் மராத்தியிலும் குழந்தை, வாடி என்றால் தோட்டம் என்பது எனக்குத் தெரியவே இருபது வயது ஆனது.

அது தெரிய வந்தது ஒரு மாநாட்டால். போன வருடம் சென்னையில் ஒரு கல்லூரியில் மழலையர் கல்வி ஆசிரியர்களுக்காக இரண்டு நாள் மாநாடு நடந்தது. எங்கள் பக்கத்திலிருந்து போன சிலரில் பெரியம்மாவும் ஒருவர். "அவ்ளோ தூரம் நான் தனியா போனதில்லடா, நீயும் கூட வா" என்றார். செமஸ்டர் லீவு. ஓசியில் சென்னை. கிளம்பிவிட்டேன்.

வாசலில் பெயர் எழுதிக் கொடுத்ததும் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு அட்டை கொடுத்தார்கள். மேலே பெரியம்மாவின் பெயர், கீழே 'ஆசிரியை'. பெரியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தப்பா எழுதிட்டாங்களோ?" என்று என்னிடம் கேட்டார். தப்பில்லை என்றேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இருபது வருடம் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்த ஒருவருக்கு ஆசிரியை என்ற சொல்லைப் பார்த்ததும் எழுத்துப் பிழை என்று ஏன் தோன்ற வேண்டும்?

ஊருக்குத் திரும்பியதும் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து தேடினேன். சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள் இப்படி ஒரு ஹாலில் கூடுவது எப்போது தொடங்கியது? கூடி என்ன கேட்டார்கள்? கேட்டது கிடைத்ததா? தேடியதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு மனுவும் ஒரு தடையும்

கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. ஃப்ரோபெல் என்பவர் 1837இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சின்னக் குழந்தைகளுக்காக ஒரு இடம் நடத்த ஆரம்பித்தார். 1840இல் அதற்கு கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். குழந்தைகள் தோட்டம் என்று அர்த்தம். நம் எல்.கே.ஜி., யு.கே.ஜி.யில் இருக்கும் 'கே.ஜி.' இதுதான். விளையாட்டுதான் சின்னக் குழந்தையின் படிப்பு, அதைச் சொல்லிக் கொடுக்கப் பயிற்சி பெற்ற பெண்கள் வேண்டும் என்பது அவர் கட்சி. அந்தக் காலத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்குப் பயிற்சி எதற்கு என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். இந்தக் காலத்திலும் அதைத்தானே கேட்கிறார்கள்!

1848 ஆகஸ்டில் ருடோல்ஸ்டாட் என்ற ஊரில் இதற்காக ஆசிரியர்கள் கூட்டம் ஒன்று நடந்தது. ஐரோப்பா முழுக்கப் புரட்சி ஓடிக்கொண்டிருந்த வருடம் அது. ஜெர்மானியர்களுக்கென ஒரு தேசிய நாடாளுமன்றம் பிராங்க்பர்ட்டில் கூடியிருந்தது. கிண்டர்கார்டனைப் பொதுக் கல்வி முறையில் ஒரு பகுதியாகச் சேர்க்க வேண்டும் என்று கூட்டத்திலிருந்து அந்த நாடாளுமன்றத்துக்கு மனு போனது. கவனியுங்கள், அவர்கள் கேட்டது காசு அல்ல. எங்களைக் கல்வி என்ற தலைப்பின் கீழ் எழுதுங்கள் என்றார்கள்.

புரட்சி தோற்றது. நாடாளுமன்றமும் கலைந்தது. மூன்று வருடம் கழித்து, 1851 ஆகஸ்டில், பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களுக்குத் தடையே போட்டுவிட்டது. ஃப்ரோபெலின் உறவினர் கார்ல் ஃப்ரோபெல் எழுதிய ஒரு நூலை வைத்து இருவரையும் குழப்பிக்கொண்டு, இது நாத்திகமும் சோஷலிசமும் பரப்பும் வேலை என்று முடிவு கட்டினார்கள். அடுத்த வருடமே ஃப்ரோபெல் இறந்துபோனார். தடை நீங்கியது 1860இல்தான்.

ஆனால் அதற்குள் விதை பறந்துவிட்டது. 1851இலேயே லண்டனில் ஒரு கிண்டர்கார்டன் வந்தது. 1856இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் மார்கரெத் ஷுர்ஸ் என்ற ஜெர்மன் பெண்மணி தன் வீட்டில் ஒன்றைத் தொடங்கினார். ஊரில் தடை விழுந்த ஒன்றை வெளியூருக்குக் குடிபோன பெண்கள் மூட்டையோடு எடுத்துக்கொண்டு போனார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீசை வைத்த அம்மா

இனி நம் நாட்டுக்கு வருவோம். குஜராத்தில் கிஜுபாய் பதேகா என்று ஒரு வக்கீல் இருந்தார். 1885இல் பிறந்தவர். தனக்கு மகன் பிறந்ததும், இவனை எப்படி வளர்ப்பது என்று தேடியபோது மரியா மாண்டிசோரியின் எழுத்து கையில் கிடைத்தது. கோர்ட்டை விட்டுவிட்டு பவநகரில் இருந்த தக்ஷிணாமூர்த்தி நிறுவனத்தில் சேர்ந்தார். 1920இல் அங்கே ஒரு பால மந்திரைத் தொடங்கினார். அடியும் மிரட்டலும் இல்லாத, கதையும் பாட்டும் விளையாட்டுமான பள்ளி. ஊர்க்காரர்கள் அவரை 'மீசை வைத்த அம்மா' என்று அழைத்தார்கள். அவர் 1932இல் வெளியிட்ட 'திவாஸ்வப்னா' இன்றும் பல மொழிகளில் படிக்கப்படுகிறது.

இவர் பள்ளியோடு நின்றிருந்தால் ஒரு நல்ல பள்ளிக்கூடம் என்ற அளவில் முடிந்திருக்கும். 1925இல் பவநகரில் மாண்டிசோரிக் கல்விக்காக ஒரு மாநாட்டைக் கூட்டினார். அதே வருடம் ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கூடமும் ஆரம்பமானது. 1926இல் நூதன் பால் சிக்ஷன் சங் என்ற அமைப்பு உருவானது. 1928இல் அகமதாபாத்தில் அடுத்த மாநாடு. வக்கீலாக இருந்தவர் அல்லவா, தனி ஆள் எவ்வளவு நன்றாக வாதாடினாலும் சங்கம் இல்லாமல் கேஸ் நிற்காது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் :-)

அவரோடு பவநகரில் வேலை செய்தவர் தாராபாய் மோடக். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

அடையாற்றில் முந்நூறு பேர்

மரியா மாண்டிசோரி இத்தாலிய மருத்துவர். 1907 ஜனவரி 6ஆம் தேதி ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தவர். 1929இல் டென்மார்க்கில் முதல் சர்வதேச மாண்டிசோரி மாநாடு கூடியபோது அவருடைய சர்வதேச சங்கம் பிறந்தது. பார்த்தீர்களா, இங்கேயும் ஒரு மாநாடு.

பத்து வருடம் கழித்து, 1939 நவம்பரில், அவர் சென்னைக்கு வந்தார். அழைத்தவர்கள் அப்போது பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த ஜார்ஜ் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும். கலாக்ஷேத்திராவை நிறுவிய அதே ருக்மிணி தேவிதான். மாண்டிசோரிக்கு அப்போது 69 வயது. சில மாதப் பயிற்சி நடத்திவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். அடையாற்றில் பனையோலைக் குடிசைகள் போட்டு, நாட்டின் பல மூலைகளிலிருந்தும் சுமார் முந்நூறு பேர் வந்து சேர்ந்தார்கள். வருத்தம் என்னவென்றால், கிஜுபாய் அந்த வருடம் ஜூன் மாதமே இறந்துவிட்டார். ஐந்து மாத இடைவெளியில் அவர் அடையாற்றைத் தவற விட்டார்.

மாண்டிசோரி பேசியது இத்தாலியில். மகன் மரியோ பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்வார். கேட்டவர்களோ தமிழ், தெலுங்கு, குஜராத்தி, மராத்தி என்று பல மொழிக்காரர்கள். அவரவர் மனதில் மூன்றாவது முறையாக மொழிபெயர்த்துக்கொண்டிருப்பார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் எங்கள் மாநாட்டிலும் பாதிப் பேச்சு ஆங்கிலம். நான் பெரியம்மாவின் காதில் குசுகுசுவென்று தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன். முன் வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி முறைத்தார். அவரிடம் மரியோ கதையைச் சொல்லியிருக்கலாம், அப்போது எனக்குத் தெரியாது.

1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. இந்தியாவில் இருந்த இத்தாலியர்கள் எதிரி நாட்டவர் ஆனார்கள். மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். மாண்டிசோரி அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. அந்த ஆகஸ்ட் 31 அவருடைய எழுபதாவது பிறந்தநாள். அன்று வைஸ்ராயிடமிருந்து, மரியோவை விடுவிப்பதாகத் தந்தி வந்தது. அதுவரை வெளியுலகத்துக்கு மருமகன், வளர்ப்பு மகன் என்றெல்லாம் சொல்லப்பட்டுவந்த மரியோ, அந்தத் தந்தியில் மகன் என்றே குறிப்பிடப்பட்டார். ஒரு அரசாங்கக் காகிதம் ஒருவரைச் சரியான பெயர் சொல்லி அழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

சில மாதம் என்று வந்தவர் 1946 வரை இங்கேயே இருந்தார். கொடைக்கானலில் இரண்டு வருடம் குழந்தைகளோடு வேலை செய்தார். அகமதாபாத், கராச்சி, கொழும்பு என்று பயிற்சிகள் நடத்தினார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் பயிற்சி பெற்றார்கள். உலகம் முழுக்க ஆசிரியர்கள் படிக்கும் அவருடைய 'தி அப்சார்பன்ட் மைண்ட்' நூல் 1949இல் முதலில் அச்சானது நம் அடையாற்றில்தான்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இந்தப் பயிற்சியின் பலன் போகப் போகப் பெரும்பாலும் நகரத்தில், கட்டணம் கட்ட முடிந்த வீட்டுக் குழந்தைகளுக்கே போய்ச் சேர்ந்தது. ரோமில் கூலிக்காரர்களின் குழந்தைகளுக்காகப் பிறந்த முறை, இங்கே விலை உயர்ந்த பள்ளியின் பெயர்ப் பலகையாகிவிட்டது. நைனார்பாளையத்துக்கு அது வரவில்லை.

பள்ளிக்கூடம் நடந்து வந்த கதை

வந்தது வேறு வழியில். அந்த வழியைப் போட்டவர்தான் நான் ஞாபகம் வைக்கச் சொன்ன தாராபாய் மோடக். 1945இல் மகாராஷ்டிரக் கடற்கரை ஊரான போர்டியில் கிராமக் குழந்தைகளுக்காக ஒரு மையம் தொடங்கினார். கூட இருந்தவர் அனுதாய் வாக். 1957இல் கோஸ்பாட் மலைக்கு இடம் மாறினார்கள். அங்கே வார்லி பழங்குடிக் குழந்தைகள். பள்ளி திறந்தால் குழந்தைகள் வரவில்லை. மாடு மேய்க்கப் போனார்கள், தம்பி தங்கையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். சரி, குழந்தை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி குழந்தையிடம் போகட்டும் என்று வீட்டு முற்றத்தில் பள்ளி நடத்தினார்கள். முற்றத்துக்கு அங்கே 'ஆங்கன்' என்று பெயர். அங்கன்வாடி என்ற சொல் இப்படி வந்தது. மாடு மேய்க்கும் இடத்துக்கே போய் மேய்ச்சல் வெளிப் பள்ளியும் நடத்தினார்கள். விலை உயர்ந்த சாமான்களுக்குப் பதில் கூழாங்கல், இலை, விதை. கல்வராயன் மலைக் கிராமங்களில் வேலை பார்க்கும் டீச்சர்களுக்கு இதையெல்லாம் விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை.

1964இல் மழலையர் கல்விக்காக அகில இந்திய அளவில் ஒரு சங்கம் உருவானது. 1972இல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு, பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகள் பற்றி மத்திய அரசுக்கு அறிக்கை கொடுத்தது. உணவு, உடல்நலம், கல்வி மூன்றும் பிரிக்க முடியாதவை என்பது அதன் சாரம். 1975 அக்டோபர் 2ஆம் தேதி, 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1980இல் உலக வங்கி உதவியோடு ஊட்டச்சத்துத் திட்டம், 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம். இப்படித்தான் எங்கள் ஊர்களுக்குப் பால்வாடியும் சத்துமாவும் டீச்சரும் வந்து சேர்ந்தார்கள். இன்று தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன.

சோறு வந்தது பெரிய விஷயம். அதைக் குறைத்துச் சொல்லும் தகுதி எனக்கில்லை, நானே அந்தச் சத்துமாவில் வளர்ந்தவன். ஆனால் மூன்றில் உணவும் எடையும் ரிஜிஸ்டரில் ஏறின. கல்விக்கு ரிஜிஸ்டரில் அவ்வளவு இடம் கிடைக்கவில்லை. பெரியம்மா மாதாமாதம் கூட்டத்துக்குப் போகிறார். எத்தனை குழந்தை, எத்தனை கிலோ, எத்தனை முட்டை, செல்போனில் ஏற்றியாச்சா? இவ்வளவுதான் கேள்வி. இந்தக் கேள்விகளும் அவசியம்தான். ஆனால் குழந்தை என்ன கற்றது என்று யாரும் கேட்டதில்லை என்கிறார்.

எந்தத் தலைப்பில் எழுதுவது?

இதோ, சொன்ன மாதிரி கணக்கு வந்துவிட்டது.

கணக்குப் பதிவியலில் முதல் பாடம், ஒரு செலவை எந்தத் தலைப்பில் எழுதுகிறோம் என்பது. தலைப்பு மாறினால் அதன் குணமே மாறிவிடும். அங்கன்வாடிப் பணியாளருக்குக் கொடுப்பது சம்பளம் அல்ல, 'மதிப்பூதியம்' என்று 1975இலேயே எழுதிவிட்டார்கள். அப்போது மாதம் 100 ரூபாய், மெட்ரிக் படித்திருந்தால் 150. மத்திய அரசு நிர்ணயித்த தொகை 2018 அக்டோபரில் 4,500 ஆனது. மாநிலங்கள் மேலே சேர்த்துத் தருகின்றன, தமிழ்நாட்டில் சிறப்புக் காலமுறை ஊதியம் இருக்கிறது. ஆனால் தலைப்பு? பள்ளி ஆசிரியர் கல்வித் துறை. பால்வாடி டீச்சர் சமூக நலத் துறை.

சட்டத்திலும் இதே கோடுதான். அரசியலமைப்பின் 45ஆவது பிரிவு ஆரம்பத்தில் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி என்றது. கீழ் வரம்பு சொல்லவில்லை. 2002இல் 86ஆவது திருத்தம் வந்தது. 6 முதல் 14 வரை கல்வி அடிப்படை உரிமை ஆனது. ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு 'முயற்சி செய்யும்' என்று மட்டும் எழுதப்பட்டது. உரிமை ஆறாவது பிறந்தநாளில்தான் தொடங்குகிறது!

2019இல் தமிழ்நாட்டில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். அங்கே மாற்றப்பட்ட இடைநிலை ஆசிரியர்கள் பலர் எதிர்த்தார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள். தங்கள் பதவியைக் குறைப்பதாக நினைத்தார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. பேரேட்டில் கீழே எழுதப்பட்ட வேலை கீழானது என்று எல்லோரையும் போல அவர்களும் நம்பினார்கள், அவ்வளவுதான்.

பிறகு 2022 ஏப்ரல் 25. குஜராத்தின் தாகோத் மாவட்டத்து அங்கன்வாடிப் பெண்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அப்போது நடைமுறையில் இருந்த 1972ஆம் வருடத்துப் பணிக்கொடைச் சட்டம் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பொருந்தும். மதிப்பூதியம் என்று பெயர் வைத்தாலும் அது ஊதியமே. எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு அங்கே நடப்பது முழுக்கக் கல்விப் பணி, கற்பிக்கும் வேலையை இவர்கள்தான் செய்கிறார்கள் என்றும் நீதிமன்றம் சொன்னது.

ருடோல்ஸ்டாட்டில் 1848இல் மனு போட்டார்கள் அல்லவா? 174 வருடம் கழித்து, மீசை வைத்த அம்மா வாழ்ந்த அதே குஜராத்திலிருந்து போன வழக்கில், அதே கேள்விக்கு ஒரு பதில் வந்தது.

மாநாட்டின் இரண்டாம் நாள்

மறுபடி சென்னைக்கு வருகிறேன். இரண்டாம் நாள் மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு பாதி ஹால் தூங்கி வழிந்தது. மேடையில் இருந்த அம்மையார் தமிழில் ஒரு கேள்வி கேட்டார். "உங்க மையத்துல ஒரு குழந்தை உங்களை ஆச்சரியப்படுத்தின சம்பவம் ஒண்ணு சொல்லுங்க." யாரும் வாய் திறக்கவில்லை. பெரியம்மா எழுந்துவிட்டார். எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"என் மையத்துல நாலு வயசுப் பையன். எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை குடுடான்னேன். குடுத்துட்டு ஒண்ணை மட்டும் தனியா வச்சிக்கிட்டான். யாருக்குடான்னு கேட்டா, இன்னிக்கு வராத பாப்பாவுக்குன்னான்."

ஹால் சிரித்தது. மேடையில் இருந்தவர் சிரிக்கவில்லை. ஒன்றுக்கு ஒன்று பொருத்திப் பார்ப்பதுதான் எண்ணுக்கு அடிப்படை, கண்ணெதிரே இல்லாத ஒருவருக்கும் சேர்த்துக் கணக்கு வைப்பது அதற்கு அடுத்த படி, இந்த டீச்சர் ஒரு கொட்டையை வைத்து இரண்டையும் பார்த்துவிட்டார் என்று விளக்கினார். முன்னால் இருந்த சிலர் குறித்துக்கொண்டார்கள். முந்தின நாள் எங்களை முறைத்தவரும் எழுதினார்!

திரும்பி வரும் பஸ்ஸில் விழுப்புரம் தாண்டிய பிறகு பெரியம்மா சொன்னார்: "நான் செய்யறதுக்கெல்லாம் ஒரு பேரு இருக்குன்னு எனக்குத் தெரியாதுடா."

மாநாடு எதற்கு என்றால் இதற்குத்தான் என்று இப்போது எனக்குப் படுகிறது. ருடோல்ஸ்டாட்டிலும் பவநகரிலும் அடையாற்றிலும் கூடியவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல்கூடப் போயிருக்கலாம். தனித்தனியாகச் செய்துகொண்டிருந்த வேலைக்குப் பெயர் உண்டு, தன்னைப் போலவே செய்பவர்கள் இன்னும் முந்நூறு பேர் உண்டு என்று தெரிந்துகொண்டு ஊர் திரும்பினார்கள். எங்கள் மாவட்டத்து டீச்சர்களுக்குச் சென்னை வரை போகாமல் கள்ளக்குறிச்சியிலேயே வருடத்துக்கு ஒரு நாள், முட்டைக் கணக்கு கேட்காத ஒரு நாள் கிடைத்தால் என்ன? கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருபவர்களுக்கும் அது வசதி. பெரிய செலவில்லை. பட்ஜெட் வேண்டுமானால் நானே போட்டுத் தருகிறேன்.

அந்த அட்டை இப்போது பெரியம்மாவின் மையத்தில், எடை மெஷின் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. மேலதிகாரிகள் வரும் நாளில் மட்டும் கழற்றி பீரோவுக்குள் வைத்துவிடுகிறார். ஏன் பெரியம்மா என்று கேட்டால், "எதுக்குடா வம்பு" என்கிறார்.

உங்கள் ஒன்றாம் வகுப்பு டீச்சர் பெயர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பால்வாடி டீச்சர் பெயர் ஞாபகம் இருக்கிறதா? இல்லாவிட்டால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் கேளுங்கள். அவர் இன்னும் அங்கேயே இருந்தால், ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.